செசார் பிராங்க்

ஐரோப்பியத் தேவாலயங்களில் ஆர்கன் என்னும் பெருங்கருவி உண்டு. சிறியவும் பெரியவுமாகிய குழல்கள் பலவற்றில் காற்றைச் செலுத்தி இசை எழுப்புவது அது. அதனை வாசிப்பவர் கைகளால் விசைகளை அழுத்துவதோடு, கால்களாலும் கட்டைகளை மிதிப்பார். பெரும்பாலும் அவர் மேன்மாடத்தில் மறைந்திருப்பார். கீழே வழிபடுவோர்க்கு இசை கேட்குமேயன்றி முகம் தெரியாது. பாரிசு நகரில் அவ்வாறு முப்பதாண்டுகளுக்குமேல் இசை வளர்த்தவர் செசார் பிராங்க்.

இவர் 1822ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், இன்று பெல்சியம் நாட்டைச் சேர்ந்த லியேழ் நகரில் பிறந்தார். மைந்தனின் இசைத்திறத்தைக் கண்ட தந்தையார், அதனால் புகழும் பொருளும் ஈட்ட விழைந்தார். இளமையிலேயே மகனைப் பியானோ வாசிக்க மேடையேற்றினார். 1835இல் குடும்பத்தோடு பாரிசில் குடியேறினார். 1837இல் பிராங்க் அங்குள்ள அரசினர் இசைக்கல்லூரியில் சேர்ந்தார். 1841ஆம் ஆண்டு ஆர்கன் போட்டியில் தனித்தனியே விரித்து வாசிக்குமாறு இரண்டு மெட்டுகள் தரப்பட்டன. அவை ஒன்றோடொன்று இயைவதைக் கண்ட பிராங்க், இரண்டையும் பிணைத்தே வாசித்தார். நடுவர்களுக்கு அது விளங்கவில்லை. இரண்டாம் பரிசே கிடைத்தது! அடுத்த ஆண்டே தந்தையார் அவரைக் கல்லூரியினின்றும் நீக்கி, மீண்டும் மேடைக்கு அனுப்பினார்.

மகனோ கைவேகம் காட்டிக் கைதட்டல் பெறும் வாழ்வை விரும்பவில்லை. மணவினையிலும் தந்தையோடு மாறுபட்டு, வீட்டை விட்டு வெளியேறினார். 1848ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், பாரிசில் புரட்சி மூண்ட வேளையில், தாம் விரும்பிய பெலிசித்தே என்னும் நங்கையை மணந்தார்.

அதன்பின் பிழைப்புக்காக வீடுவீடாகச் சென்று இசை கற்பித்தார். பொழுது புலருமுன் எழுந்து, முதல் இரண்டு மணி நேரத்தைத் தம் படைப்புக்கென ஒதுக்கினார். 1858இல் புனித குளோட்டில்டு தேவாலயத்தில் பணி ஏற்றார். மறு ஆண்டு அங்கே கவையே-கோல் என்னும் கைவல்லார் அமைத்த புதிய ஆர்கன் அவர் கைக்கு வந்தது. 1866இல் அவர் வாசிப்பைக் கேட்ட இசைமேதை லிஸ்ட் பெரிதும் வியந்தார். எனினும் ஊரார் அவரைச் சிறந்த ஆசிரியராகவே மதித்தனர். 1889இல் அரங்கேறிய அவருடைய சிம்பொனியையும் பலர் குறை கூறினர்.

1890ஆம் ஆண்டு அவர் சென்ற வண்டியின்மீது மற்றொரு குதிரைவண்டி மோதியதில் அடிபட்டார். அதனைப் பொருட்படுத்தாது, ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்கள்களில் ஆர்கனுக்கென மூன்று கோரல்களை எழுதி முடித்தார். கோரல் என்பது லூதர் வழிக் கிறித்தவர் கூடிப் பாடும் வழிபாட்டுப் பாட்டு. கத்தோலிக்கராகிய பிராங்க் பழைய பாட்டு எதனையும் எடுத்தாளாது, மெட்டுகளைத் தாமே படைத்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழக் கால்மணி நேரம் நீள்வது. முதற் கோரலில், தொடக்கத்தில் சிறுபகுதியாகத் தோன்றும் மெட்டு, படிப்படியே வளர்ந்து இறுதியில் முழக்கமாய் நிறைகிறது. மூன்றாவது, விரைந்தோடும் சுரங்களோடு தொடங்கி, இடையே கனிந்த தனிக்குரலாய் இழைகிறது. ஆழத்தால் சிறந்தது இரண்டாவதே. காற்கட்டைகளில் கனத்த குரலாய் எழும் மெட்டு, மீண்டும் மீண்டும் புதுக்கோலம் பூண்டு பேரொலியாக ஓங்குகிறது; பின்னர் ஆரவாரமின்றி அமைதியில் அடங்குகிறது. மேடைப்புகழை நாடியவர் அவ்வாறு முடித்திரார்.

இலையுதிர் காலத்தில் நோய் முற்றியது. நவம்பர் 8ஆம் நாள் பிராங்க் இயற்கை எய்தினார். கோரல்கள் மூன்றும் அவர் மறைந்த பின்னரே அச்சேறின.