குன்றிமணி விஷமும் ஜெர்மன் டாக்டரும்

குன்றிமணியை அறியாதவர் யார்? சிவப்பு உடம்பு, கறுப்புக் கண். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பது அதைத்தான். பார்க்க அழகு. ஆனால் உள்ளே இருப்பதோ கொடிய விஷம்!

அந்த விஷத்தை எலிகளுக்குக் கொடுத்து, நம் உடம்பின் பெரிய ரகசியம் ஒன்றைக் கண்டார் ஒரு டாக்டர். அவர்தான் பால் எர்லிக்.

சாயப் பைத்தியம்

எர்லிக் 1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஊர் ஸ்டிரேலன். அப்போது அது பிரஷ்யாவில் இருந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

டாக்டருக்குப் படிக்கும்போது அவருக்குச் சாயங்களின் மேல் ஒரே மோகம். உடம்பில் உள்ள நுண்ணிய அணுக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பார். ஒரு சாயம் ஒரு வகை அணுவில் மட்டும் பிடிக்கும், மற்றதில் பிடிக்காது. ஏன்? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

1882-ல் காச நோய்க் கிருமியைக் கோக் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். அந்தக் கிருமிக்கு நன்றாகச் சாயம் ஏற்றும் வழியைக் கண்டவர் எர்லிக். சில ஆண்டுகளில் அதே நோய் அவரையே பிடித்தது! எகிப்துக்குப் போய்த் தங்கிக் குணம் அடைந்து, 1889-ல் பெர்லின் திரும்பினார்.

விஷம் தின்ற எலிகள்

எர்லிக் ஆமணக்கு விதையின் விஷத்தை மிகச் சிறிய அளவில் எலிகளுக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் அளவைக் கூட்டினார். முதலில் கொடுத்திருந்தால் கொன்றிருக்கும் அளவை, பிறகு அந்த எலிகள் தாங்கின. குன்றிமணி விஷத்திலும் அப்படியே நடந்தது.

ஆனால் ஓர் அதிசயம்! ஆமணக்கு விஷத்துக்குப் பழகிய எலியால் குன்றிமணி விஷத்தைத் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு விஷத்துக்கும் உடம்பு தனித்தனி மாற்று செய்கிறது என்பது விளங்கியது. தாய் எலியின் பால் வழியாக அந்த மாற்று குட்டிக்குப் போவதையும் அவர் நிரூபித்தார்.

அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதற்கு மாற்று மருந்தைப் பேரிங் என்ற டாக்டர் கண்டுபிடித்திருந்தார். ஆனால் மருந்தின் வீரியம் ஒருமுறை இருந்ததுபோல் மறுமுறை இல்லை. அதை அளக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவர் எர்லிக். 1901-ல் நோபல் பரிசு பேரிங்குக்குக் கிடைத்தது, எர்லிக்குக் கிடைக்கவில்லை.

பூட்டும் சாவியும்

1897-ல் எர்லிக் தமது கொள்கையை வெளியிட்டார். அணுவின் மேல் பலவகைக் கொக்கிகள் இருக்கின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல, ஒரு விஷம் தனக்கு ஏற்ற கொக்கியில் மட்டும் மாட்டும். உடனே அந்த அணு அதே கொக்கிகளை ஏராளமாகச் செய்து ரத்தத்தில் விடும். அவையே விஷத்துக்கு மாற்று என்றார். இந்தக் கொக்கிகளை எவரும் கண்ணால் கண்டதில்லை. வெறும் கற்பனை என்று சிலர் பழித்தார்கள்.

1908-ல் அவருக்கும் நோபல் பரிசு வந்தது. 1910-ல் மேக நோய்க்கு அவர் கண்ட மருந்து விற்பனைக்கு வந்து உலகப் புகழ் தந்தது. 1915 ஆகஸ்டு 20-ந் தேதி காலமானார்.

அவருக்குப் பிறகு கொக்கிக் கொள்கையை உலகம் கைவிட்டது. மனிதன் புதிதாகச் செய்யும் ரசாயனத்துக்குக்கூட உடம்பு மாற்று செய்கிறதே, அதற்கெல்லாம் முன்கூட்டியே கொக்கி இருக்குமா என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள்.

மீண்டும் வென்றார்

இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது! எர்லிக் ஒரே அணுவில் பலவகைக் கொக்கிகள் இருப்பதாக எண்ணினார். ஓர் அணுவுக்கு ஒரே வகைக் கொக்கிதான் என்று 1957-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட் திருத்தினார்.

அந்த அணு எது? கோழியின் வால்புறத்தில் பர்சா என்ற சிறிய பை உண்டு. அதை எடுத்துவிட்டு, கதிர்வீச்சும் கொடுத்த குஞ்சுகளால் மாற்று செய்ய முடியவில்லை. 1965-ல் அமெரிக்காவில் கூப்பர் என்ற டாக்டர் இதைக் காட்டினார். அந்தப் பையின் ஆங்கில முதல் எழுத்தால் 'பி அணு' என்ற பெயர் வந்தது.

மனிதருக்கு அந்தப் பை கிடையாது. எலும்பு மஜ்ஜையில் பி அணுக்கள் பிறக்கின்றன. கோடிக்கணக்கான அணுக்கள், விதவிதமான கொக்கிகள். சொந்த உடம்பையே பிடிக்கும் கொக்கி உள்ளவற்றில் பெரும்பாலானவை அங்கேயே விலக்கப்படுகின்றன. மற்றவை மண்ணீரலிலும், காய்ச்சலின்போது நெறி கட்டும் முடிச்சுகளிலும் காத்திருக்கின்றன.

கிருமி வந்து கொக்கியில் மாட்டியதும் அந்த ஒரு அணு விழிக்கிறது. 'டி அணு' என்ற இன்னொரு வெள்ளை அணு பெரும்பாலும் அதற்குத் துணை செய்கிறது. ஒன்று பலவாகப் பெருகுகிறது. சில அணுக்கள் மாற்றுப்பொருளை உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகள் ஆகின்றன. சில அணுக்கள் அந்தக் கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் காவல் இருக்கின்றன.

இன்று குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பு ஊசி போடுகிறார்களே, அதில் இருப்பது கொல்லும் சக்தி நீக்கிய விஷம். அது உள்ளே போனதும், அதற்கு ஏற்ற பி அணு விழித்துப் பாடம் கற்றுக்கொள்கிறது. பிறகு உண்மையான கிருமி வந்தால், மாற்று உடனே தயார்!