முதுகுத்தண்டின் நீரை ஆய்ந்த மருத்துவர்

மனிதனின் மூளையும் தண்டுவடமும் எலும்பாலாகிய அரணுக்குள், பளிங்குபோல் தெளிந்த ஒரு நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. நாடியும் நாக்கும் பார்த்து நோயறிந்த மருத்துவர்க்கு, அவ்வரணுக்குள் நிகழ்வது நெடுங்காலம் புலப்படவில்லை. நோயாளி இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தே உண்மையை உணர்ந்தனர். அந்நிலையை மாற்றியவர் செருமனி நாட்டு மருத்துவர் ஐன்ரிக் குவிங்கே ஆவார்.

அவர் 1842-ஆம் ஆண்டு, ஓடர் ஆற்றங்கரையிலுள்ள பிராங்க்பர்ட்டு நகரில் பிறந்தார். நாய்களின் தண்டுவட நீரில் செந்நிறப் பொடியைச் செலுத்தி, அந்நீர் மூளைக்கும் முதுகுக்கும் இடையே இயங்குவதை 1872-இல் மெய்ப்பித்தார். 1878-இல் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

வெள்ளாற்றின் நீர் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் தடைப்பட்டுத் தேங்குவதுபோல, மூளையுறை அழற்சியுற்ற குழந்தையின் தலையினுள் நீர் பெருகி மூளையை அழுத்தும், குழந்தை நினைவிழக்கும். அந்நீரை வடித்தல் வேண்டும். ஆனால் ஊசி தண்டுவடத்தில் பட்டாலோ கால்கள் செயலிழக்கவும் கூடும். என் செய்வது? தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதன்கீழ் நரம்பிழைகளும் நீருமே உள்ளன. இதனை நன்குணர்ந்த குவிங்கே, இடுப்பு முள்ளெலும்புகளின் இடையே மெல்லிய ஊசியைச் செலுத்தி, நீரைச் சொட்டுச்சொட்டாக வடித்தார். 1891-இல் வீசுபாடன் நகர மருத்துவ மாநாட்டில் இம்முறையை அறிவித்தார். அதே ஆண்டில் இலண்டன் மருத்துவர் விண்டர் என்பாரும், தோலைக் கீறிக் குழாய் செருகி நீர் வடித்த செய்தியை வெளியிட்டார். ஆதலின் முதன்மை முழுவதையும் குவிங்கேக்கே உரிமையாக்குதல் முறையன்று. எனினும் கத்தியின் துணையின்றிச் செய்யத்தக்க எளிய வழி அவருடையதே.

வடித்த நீரை அவர் வீணே கொட்டிவிடவில்லை. அதன் அழுத்தத்தை அளந்தார். அதிலுள்ள புரதத்தையும் சருக்கரையையும் ஆராய்ந்தார். முட்டையின் வெண்கரு சூட்டினால் இறுகுவதை நாம் அறிவோம். அது புரதத்தின் இயல்பு. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 7,000 மில்லிகிராம் புரதம் உண்டு. நலமுள்ளவரின் தண்டுவட நீரிலோ 15 முதல் 45 மில்லிகிராம் அளவே காணப்படும். இரத்தத்திற்கும் அந்நீருக்கும் இடையேயுள்ள தடுப்பு நோயினால் சிதைந்தால், புரதம் கசிந்து அதனுட் புகும். காசநோய் மூளையுறையைத் தாக்கும்பொழுது நீரில் புரதம் மிகும்; சருக்கரை குறையும்.

1916-இல் பிரெஞ்சு மருத்துவர்களான கில்லேன், பாரே, இசுட்ரோல் ஆகிய மூவர், கைகால் தளர்ந்த போர்வீரர் இருவரின் நீரை ஆய்ந்தனர். அழற்சியைக் காட்டும் அணுக்கள் மிகவில்லை. புரதம் மட்டுமே மிகுந்திருந்தது. அவ்வேறுபாட்டினால் அந்நோய் தனியே அடையாளம் காணப்பட்டது.

குவிங்கே 1908-இல் பணியினின்று ஓய்வு பெற்று, 1922-இல் மறைந்தார். அறுவைக்குமுன் இடுப்பின்கீழ் உணர்வகற்ற மருத்துவர்கள் இன்று கையாளும் ஊசிகளுள் ஒருவகை, குவிங்கே ஊசி என்றே வழங்கப்படுகிறது.