பூமியை அளந்த லாம்டன்

பூமி உருண்டை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த உருண்டை எவ்வளவு பெரியது? அதை அறியத் தமிழ்நாட்டு வெயிலில் பாடுபட்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் வில்லியம் லாம்டன்.

இவர் இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார்.

ஏழரை மைல் கோடு

1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், சென்னை பரங்கிமலை அருகே சங்கிலியால் நேர்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்தார்.

பிறகு கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்து உச்சி ஒன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தார். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் போதும். மற்ற பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படியே ஊர் ஊராக முக்கோண வலை பின்னினார்.

கயிறு அறுந்தது!

கோணம் அளக்கும் கருவி தியோடலைட். அதன் எடை சுமார் அரை டன்! மலை இல்லாத ஊர்களில் கோயில் கோபுரங்கள் கைகொடுத்தன.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. புதியது வேண்டுமானால் கப்பலில் லண்டனிலிருந்துதான் வரவேண்டும். அதுவரை வேலை நிற்க வேண்டியதுதானா?

லாம்டன் மனம் தளரவில்லை. கூடாரத்துக்குள் ஆறு வாரம் உட்கார்ந்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே சிறிது சிறிதாகச் சரிசெய்தார். வேலை தொடர்ந்தது.

இருக்கன்குடி எங்கே?

குமரி முனைப் பக்கமிருந்து வடக்கே, 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி அவருடைய முக்கோணங்கள் சென்றன. மாரியம்மன் கோயில் கொண்ட இருக்கன்குடியும் அந்த ரேகைக்கு அருகில்தான் இருக்கிறது.

பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை 90 டிகிரி. நம் பக்கத்தில் ஒரு டிகிரி சுமார் 110.6 கிலோமீட்டர். துருவத்தருகே அது 111.7 கிலோமீட்டர். பூமி துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதே காரணம். எவ்வளவு தட்டை என்பதை அறியவே லாம்டன் பாடுபட்டார். இருக்கன்குடி 9 டிகிரிக்குச் சற்று மேலே உள்ளது. எனவே பூமத்திய ரேகைக்கும் அவ்வூருக்கும் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர் என்று இன்று வீட்டிலிருந்தே கணக்கிடலாம்.

1823 ஜனவரியில், ஏறத்தாழ 70 வயதில், மகாராஷ்டிரத்தின் இங்கன்காட்டில் லாம்டன் காலமானார். அப்போதும் அளக்கும் பணியில்தான் இருந்தார். உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றார். உலகின் உயர்ந்த சிகரம் எவரெஸ்ட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் முதல் கோடு பரங்கிமலை அருகே லாம்டன் போட்டது.