இரண்டும் சரியென்றால்... (ஜார்ஜ் பூல் வாழ்க்கை)

முதலில் என் கதை. போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி எங்க குழுவோட புராஜெக்ட் ஃபைல்கள் அத்தனையும் என் கையாலேயே போயிற்று. சர்வரில் ஒரு தற்காலிக டைரக்டரியைக் காலி செய்ய ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். எஸ்.எஸ்.எச். வழியாக சர்வருக்குப் போ, அந்த டைரக்டரிக்கு மாறு, மாற முடிந்தால் மட்டும் எல்லாவற்றையும் அழி. நடுவில் && குறி. புராஜெக்ட் டைரக்டரியில் இருந்தபடியே ஓட்டினேன். சர்வர் அப்படியே இருந்தது. என் மெஷின் காலி!

ஏன் என்று புரியவில்லை. அந்தக் குறியின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோதுதான் ஜார்ஜ் பூல் எனக்குப் பழக்கமானார்.

1815 நவம்பர் 2-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். ஆனால் மனசெல்லாம் தொலைநோக்கி செய்வதில்! தொழில் நொடித்தது. குடும்பத்தைக் காப்பாற்ற 16 வயதில் உதவி ஆசிரியர் ஆனார் பூல். 19 வயதில் சொந்தப் பள்ளி. கல்லூரிப் பக்கமே போகாதவர், உயர்கணிதத்தைத் தானே படித்து 1844-ல் ராயல் சொசைட்டியின் பதக்கம் வாங்கினார். 1849-ல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பட்டம் இல்லாத பேராசிரியர்!

1847-லும் 1854-லும் வந்த அவருடைய நூல்கள், சிந்தனையையே கணக்காக்கின. எல்லாம் என்பது 1, எதுவுமில்லை என்பது 0. 'வெள்ளை' என்பதையும் 'மாடு' என்பதையும் பெருக்கினால் வெள்ளை மாடு. உண்மைக்கு 1, பொய்க்கு 0 என்று வைத்தால், இரண்டும் 1 ஆனால்தான் விடை 1. நம்ம && இதேதாங்க. ஷெல்லில் மட்டும் கணக்கு தலைகீழ்: கட்டளை வெற்றி என்றால் 0 திரும்பும்.

1855-ல் மேரி எவரெஸ்ட்டை மணந்தார். இந்தியாவை அளந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் தம்பி மகள் அவர். ஐந்து பெண் குழந்தைகள். 1864-ல் ஒரு நாள் கொட்டும் மழையில் சுமார் 3 மைல் நடந்து கல்லூரிக்குப் போய், ஈர உடையோடே பாடம் நடத்தினார். மழை பெய்தால் வகுப்பு இல்லை என்ற நிபந்தனை அவரிடம் இல்லை. காய்ச்சல் கண்டது, டிசம்பர் 8-ல் 49 வயதில் மறைந்தார். 1937-ல் கிளாட் ஷானன் என்ற மாணவர், மின்சுற்றுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்துமென்று காட்டிய பிறகே அதன் பலன் உலகுக்குத் தெரிந்தது.

என் தவறும் அப்புறம்தான் விளங்கியது. மேற்கோள் குறி போடாததால் && குறியை என் மெஷினின் ஷெல்லே எடுத்துக்கொண்டது. டைரக்டரி மாறும் கட்டளை மட்டும் சர்வருக்குப் போய் வெற்றி பெற்றது. முதல் பாதி சரி என்றதும், அழிக்கும் கட்டளை இங்கேயே ஓடிவிட்டது! பூலின் விதி பிசகவில்லை. எங்கே தீர்மானிக்க வேண்டும் என்பதைச் சொல்லாதவன் நான்.

இப்போது இரண்டு கட்டளைகளையும் சேர்த்து ஒற்றை மேற்கோளுக்குள் அடைக்கிறேன். அழிக்கும் கட்டளைக்குப் பதில் முதலில் 'எக்கோ' போட்டு ஓட்டிப் பார்க்கிறேன். புராஜெக்டை மறுபடி எழுதி முடிக்க 12 ராத்திரி ஆனது. குழுவில் ரெண்டு நாள் யாரும் என்னோட பேசல.

அடுத்த தடவை && அடிக்கும்போது, மழையில் நடந்த அந்த வாத்தியாரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க!