சுந்தரம் ஐயங்காரும் மோட்டார்த் தொழிலும்

சாரற்காலத்தில் குற்றால அருவியில் நீராட விரும்புவோர் பலர் தென்காசிக்கு வந்து, அங்கிருந்து பேருந்தேறிச் செல்வர். குறித்த நேரத்தில் வண்டி புறப்படும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. ஆயின், நூறாண்டுகளுக்கு முன் தென்னாட்டுச் சாலைகளில் மாட்டு வண்டியே பெருவழக்கு. அரிதாக வந்த மோட்டார் வண்டியோ எப்பொழுது வரும், எங்கே பழுதுற்று நிற்கும் என்பதை எவரும் அறியார். அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார்.

அவர் 1877ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் திருக்குறுங்குடியில் பிறந்தார். குற்றாலத்தை அடுத்துத் தெற்கே நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது அவ்வூர். தந்தையாரின் விருப்பப்படி சட்டம் பயின்ற அவர், பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான ஊதியம் தரும் வேலையைத் துறந்து, 1911இல் மோட்டார்த் தொழிலில் இறங்கினார். 1912இல் அவருடைய பேருந்து ஓடத் தொடங்கியது.

தொழிலில் இடையூறுகள் பல நேர்ந்தன. மாடுகளின் இலாடத்தினின்று கழன்று விழுந்த ஆணிகள் பேருந்தின் சக்கரங்களைத் துளைத்தன. துளையை அடைத்து வண்டியை மீண்டும் ஓட்டுவது யாவரும் செய்வது. அவரோ துன்பத்தின் வேரையே களைய எண்ணினார். காந்தம் பொருத்திய ஊர்தி ஒன்றைச் சாலையில் செலுத்தி, ஆணிகளை அகற்றச் செய்தார். அவருடைய பேருந்து வருவதைக் கண்டு மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் அளவிற்கு அவை காலந்தவறாமல் ஓடின.

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பெட்ரோலுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. வண்டிகள் நின்றுவிட்டால் பயணிகள் அல்லலுறுவர். தொழிலாளர் பிழைப்பும் கெடும். அந்நிலையில் அவர் கரிவாயுக் கலம் ஒன்றை உருவாக்கினார். போதிய காற்றின்றி மரக்கரி எரியும்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் எரிவாயு பிறக்கும். அதனைத் தூய்மையாக்கிக் காற்றுடன் கலந்து செலுத்தினால், பெட்ரோலின்றியே எந்திரம் இயங்கும்.

ஆயினும் கரிவாயுவால் ஓடும் எந்திரத்திற்குப் பெட்ரோலால் கிடைக்கும் ஆற்றல் இராது. மேட்டில் ஏறும்பொழுது வண்டி தளரும். வாயு சூடாக இருப்பின் விரிந்துவிடும். அதனால் உருளைக்குள் செல்லும் அளவு குறையும். சாம்பல் புகின் உருளையின் உட்புறம் தேயும். ஈரமான கரியோ நல்ல வாயுவைத் தாராது. ஆதலின் வாயுவைக் குளிர்விப்பதும், வடிகட்டியை நாள்தோறும் துப்புரவு செய்வதும், உலர்ந்த கரியைத் தேர்ந்திடுவதும் இன்றியமையாதன ஆயின. எந்திரம் தளர்ந்தால் எந்திரத்தை மட்டும் நோக்கின் போதாது. அதற்குள் செல்வது யாதென்றும் நோக்குதல் வேண்டும்.

சுந்தரம் ஐயங்கார் 1955ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 28ஆம் நாள் கோடைக்கானலில் இயற்கை எய்தினார். பழுது நேர்ந்தபின் வருந்துவதினும், அதன் காரணத்தைக் கண்டு முன்னரே களைவது சிறந்தது என்பதை அவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.