வண்ணச் சுவரில் வாழும் படை

தொண்டை நாட்டில் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் இன்று ஊர்திகள் உருவாகும் பெருந்தொழிற் களங்களாய் விளங்குகின்றன. அவற்றிற்கு மேற்கே, காஞ்சிமாநகருக்கு வடக்கில், வயல்களின் நடுவே புள்ளலூர் என்னும் சிற்றூர் உள்ளது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரை இவ்வூரில் வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறும். 1780ஆம் ஆண்டில் அதே மண்ணில் மற்றுமொரு பெரும்போர் நிகழ்ந்தது. அன்று பொருத வீரர் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும், அவர்தம் உருவங்கள் சீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவர் ஒன்றில் இன்றும் நிற்கின்றன. அவ்வுருவங்களைத் தீட்டச் செய்தவன் மைசூர் மன்னன் திப்பு சுல்தான் ஆவான்.

திப்பு, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனள்ளியில் பிறந்தான். தந்தை ஐதர் அலி. தாய் பாத்திமா பக்ருன்னிசா. ஆர்க்காட்டில் அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் என்னும் பெரியாரின் பெயரே குழந்தைக்குச் சூட்டப்பெற்றது. ஐதர் எழுத்தறியாதவன், ஆயினும் அறிவாற்றலில் மிக்கவன். தான் பெறாத கல்வியைத் தன் மகன் பெறுதல் வேண்டும் என்று விரும்பி, நல்லாசிரியர் பலரை அமர்த்தினான். திப்பு நூற்கல்வியோடு வாட்போரும் குதிரையேற்றமும் பயின்றான். 1767இல் கும்பினியாரோடு முதற்போர் மூண்டபோது, இளைஞனான அவன் குதிரைப்படையொடு சென்னையின் புறநகர்வரை சென்று பகைவரை அஞ்சச் செய்தான்.

1780ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஐதர் பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து தமிழகத்துள் இறங்கினான். கும்பினியின் தளபதி மன்றோ காஞ்சியில் தங்கியிருந்தான். அவனோடு சேரும்பொருட்டுக் கர்னல் பெய்லி குண்டூரிலிருந்து ஒரு படையுடன் வந்துகொண்டிருந்தான். இருபடையும் கூடாவண்ணம் தடுக்குமாறு ஐதர் திப்புவை ஏவினான். செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தின் அருகே திப்பு பெய்லியை மறித்தான். மன்றோ தான் முன்சென்று துணைபுரியாது, ஒரு சிறு படையை மட்டும் அனுப்பினான். 10ஆம் நாள் பெய்லி புள்ளலூர்க்கு அருகில் வந்தபோது, ஐதரின் முழுப்படையும் அவனைச் சூழ்ந்துகொண்டது. போரின் நடுவே கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அணி குலைந்தது. காயமுற்ற பெய்லி சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணம் கொண்டுசெல்லப்பட்டான். 1782இல் அங்கேயே இறந்தான். சில கல் தொலைவில் இருந்தும் உதவாத மன்றோ, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினான்.

1782 டிசம்பரில் ஐதர் சித்தூருக்கு அருகில் உயிர்நீத்தான். அரியணை ஏறிய திப்பு போரைத் தொடர்ந்து நடத்தி, 1784இல் மங்களூர் உடன்படிக்கையால் முடித்தான். அவ்வாண்டிலேயே காவிரியின் கரையில், சோலை நடுவே, தரியா தௌலத் என்னும் தேக்குமர மாளிகையை எழுப்பினான். அதன் மேற்குச் சுவரில் புள்ளலூர் வெற்றி ஓவியமாயிற்று.

அவ்வோவியம் காண்பார் கண்ணைக் கவர்வது. சிறியனவாய்த் தீட்டப்பெற்ற வீரர் உருவங்கள் சுவர் முழுதும் நிறைந்துள்ளன. செஞ்சட்டை அணிந்த கும்பினி வீரர் சதுர அணியாய் நிற்கின்றனர். நடுவே பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறான். வெடிமருந்து வண்டி தீப்பிழம்பாய்ச் சிதறுகின்றது. பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கியால் களத்தைப் பார்க்கிறான். மைசூர்க் குதிரைவீரர் வாளேந்திப் பாய்கின்றனர். அமளியின் இடையே திப்புவோ கையில் மலரொன்றை ஏந்தி முகர்ந்தவண்ணம் அமைதியாய்க் காணப்படுகிறான்.

ஓவியத்தில் வெற்றி நிலைத்தது, வாழ்விலோ நிலைத்திலது. 1792இல் திப்பு தன் நாட்டிற் பாதியை இழந்தான். மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்ப நேர்ந்தது. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு கோட்டை வாயிலருகே பொருது மாண்டான். அவன் மக்கள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். செஞ்சட்டை வீரன் ஒருவனைப் புலி கடித்து நிற்பதாக மரத்தால் செய்து வண்ணம் பூசப்பெற்ற திப்புவின் பொறிப்பதுமை இலண்டன் சேர்ந்தது. இன்றும் அந்நகர அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளது.

சுவரோவியமும் இடர்ப்பட்டது. முற்றுகைக்கு முன்னரே அது ஓரளவு சிதைந்திருந்தது. அம்மாளிகையில் தங்கிய கர்னல் வெல்லெஸ்லி, தன் நாட்டவரின் தோல்வியைக் காட்டும் அதனைச் செப்பனிடச் செய்தான். பின்னாளில் அதன்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் ஆணையால், பழைய ஓவியத்தை நினைவிற் கொண்டிருந்த நம் நாட்டு ஓவியன் ஒருவன் அதனை மீண்டும் தீட்டினான். ஆகவே, இன்று நாம் காண்பது திப்பு கண்ட வண்ணமே முழுதும் அன்று.

ஓரங்குல உயரமே உள்ள பொம்மை வீரருக்கு வண்ணம் தீட்டி, பழம்போர்களை மேசைமேல் விளையாட்டாய் நடத்துவோர் உலகெங்கும் உளர். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் அவ்விளையாட்டுக்கு விதிநூல் ஒன்றே எழுதினார். சட்டையின் நிறம், தலைப்பாகையின் கட்டு, தோள்வாரின் அகலம் ஆகியவற்றைத் தேர்ந்தே அவர்கள் தூரிகையைத் தொடுவர். திப்பு அரசனானபின் தன் காலாட்படைக்குப் புலிவரி பொறித்த உடையளித்தான். அதனைத் தீட்ட விழைவோர் இச்சுவரை மட்டும் நம்புதல் சாலாது. எஞ்சியுள்ள ஆடைகளையும் இருதரப்பார் எழுதிய குறிப்புகளையும் ஒப்புநோக்குதல் வேண்டும். சுவர், வென்றவன் சொல்லும் கதை. அதிற் கும்பினி வீரர் பெரும்பாலும் வெள்ளையராய்த் தோன்றுவர். உண்மையில் பெய்லியின் படையில் மிகுந்திருந்தோர் நம் நாட்டுச் சிப்பாய்களே.

அச்சுவரில் இடம்பெறாதவர் இன்னும் ஒரு சாரார் உளர். ஐதரின் குதிரைப்படை சென்னையைச் சூழ்ந்த ஊர்களை எரித்தபோது, விளைநிலம் இழந்து சென்னைக் கோட்டையை நோக்கி ஓடிய தொண்டை நாட்டு உழவரே அவர். அவர்களுக்குச் செஞ்சட்டையும் இல்லை, புலிவரியும் இல்லை. திப்புவின் வீரத்தை வியப்போர் இவ்வேழையரின் துயரையும் மறத்தலாகாது. வீரனின் உடையைப் பிழையின்றித் தீட்டுவது உண்மைக்குச் செய்யும் தொண்டு. தீட்டப்படாதவரையும் நினைப்பது அதனினும் பெருந்தொண்டு அன்றோ?