எண்ணின் துண்டுகளை அளந்தவர்: போல் எர்டீஷ்

போரில் சிதறிய குடும்பங்களைப் பற்றி எழுதிவரும் நான், ஒரு கணிதவியலாளரைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. ஆனால் போல் எர்டீஷின் வாழ்க்கையை வாசித்தபோது 1941ஆம் ஆண்டைத் தாண்டிப் போக முடியவில்லை.

1913 மார்ச் 26இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார் எர்டீஷ். தாயும் தந்தையும் கணித ஆசிரியர்கள். அவர் பிறந்த அதே நாட்களில் மூத்த சகோதரிகள் இருவரும் செங்காய்ச்சலில் இறந்துபோயினர். அடுத்த ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. ரஷ்யரிடம் சிக்கிய தந்தை ஆறு ஆண்டுகள் சைபீரியாவில் போர்க்கைதியாக இருந்தார். மிஞ்சிய ஒரே பிள்ளையைத் தாய் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்.

21 வயதில் கலாநிதிப் பட்டம் பெற்ற எர்டீஷ், 1934இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். ஹிட்லரின் நிழல் நெருங்கிய 1938 செப்டெம்பரில் புடாபெஸ்டை விட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தார். அதன்பின் பத்து ஆண்டுகள் அவரால் வீடு திரும்ப முடியவில்லை.

அந்த இடைக்காலத்தில், 1941இல், ஜோசப் லெஹ்னருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஓர் எண் எப்படித் துண்டுபடும் என்பதே அதன் விடயம். ஐந்து ரூபாய்க் காசுகளைக் குவியல்களாகப் பிரித்துப் பாருங்கள். ஐந்தும் ஒன்றாக, நான்கும் ஒன்றுமாக, மூன்றும் இரண்டுமாக என்று மொத்தம் ஏழு வழிகள். நூறு காசுகள் என்றால் 19 கோடிக்கும் அதிகமான வழிகள். இந்த எண்ணிக்கையைக் கணிக்கும் சூத்திரத்தை இராமானுஜனும் ஹார்டியும் 1918இலேயே தந்திருந்தனர்.

எர்டீஷும் லெஹ்னரும் கேட்டது வேறு கேள்வி. அத்தனை வழிகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அதில் எத்தனை குவியல்கள் இருக்கும்? எதுவும் நடக்கலாம் போலத் தோன்றும். ஆனால் விதி இருக்கிறது. எண்ணின் வர்க்கமூலத்தை அதன் இயற்கை மடக்கையால் பெருக்கி, அதில் ஏறக்குறைய 0.39 பங்கை எடுக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு இது சுமார் 360. மிகப் பெரிய குவியலின் அளவுக்கும் இதே விதிதான். குவியல்களை வரிசைகளாக அடுக்கி, வரிசையை நிரலாகப் படித்தால் ஒன்று மற்றதாகிவிடும். எண் பெரிதாகப் பெரிதாக, ஏறக்குறைய எல்லாப் பிரிப்புகளும் இந்த அளவை ஒட்டியே அமையும்.

ஆனால் நிகழ்தகவு கூட்டத்தைப் பற்றித்தான் பேசும். குறிப்பிட்ட ஒரு துண்டுக்கு என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. எர்டீஷுக்கு அதைச் சொன்னது 1945 ஓகஸ்டில் வந்த தந்தி. தந்தை 1942இலேயே மாரடைப்பால் இறந்துவிட்டார். தாயின் உடன்பிறப்புகள் நால்வர் கொல்லப்பட்டிருந்தனர். தாய் தப்பியிருந்தார். 1948இல்தான் எர்டீஷ் அவரைப் பார்த்தார். தூரதேசத்தில் இருந்துகொண்டு தந்தையின் மரணச் செய்தியைக் கேட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

1954இல் மாநாடொன்றுக்காக அமெரிக்காவை விட்டுச் சென்றவருக்குத் திரும்பிவர விசா மறுக்கப்பட்டது. நிலையான வீடில்லாமல், ஒரு பெட்டியுடன் நாடு நாடாக அலைந்தார். சுமார் 500 பேருடன் சேர்ந்து ஏறத்தாழ 1,500 ஆய்வுக்கட்டுரைகள் எழுதினார். 1960களின் நடுப்பகுதியிலிருந்து தாயும் கூடவே பயணித்தார். 1971இல் தாய் இறந்தது அவரை உலுக்கியது.

பணத்தை அவர் சேர்த்ததில்லை. தான் ஒருபோதும் சந்தித்திராத இராமானுஜனின் மனைவிக்கு, இந்தியாவில் உரையாற்றிப் பெற்ற பணத்தைக் கொடுத்தார்.

1996 செப்டெம்பர் 20இல், வார்சோவில் மாநாடொன்றுக்குச் சென்றிருந்தபோது, 83 வயதில் இறந்தார். எந்த நாட்டிலும் நிலைகொள்ளாத அந்த மனிதர் இன்று புடாபெஸ்டின் யூத மயானத்தில், தாய் தந்தையருக்குப் பக்கத்தில் இருக்கிறார்.